நூற்றுப் பத்துக் கட்டம்

கார்த்திகை மாதம், மழை விட்டிருந்த ஒரு மாலை. நான் கம்ப்யூட்டரில் ஒரு சேலைக் கரைக்கு மாங்காய் வரைந்துகொண்டிருந்தேன். கௌசர் பக்கத்து ஸ்டூலில் பாடப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான்காம் வகுப்பு.

"அத்தா," என்றாள். "காட்டுக்குள்ள நடந்துகினே போனா கடல் வருமா? அப்படி ஒரு இடம் நெஜமா இருக்குதா?"

புத்தகத்தில் ஒரு படம் இருந்தது. மரங்கள். மரங்கள் முடிகிற இடத்தில் நீலம்.

"இருக்கும்."

"நாம போலாமா?"

நான் மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

தாஹிரா இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. டெங்கு. ஆறு நாள். அதற்குப் பிறகு என் மகள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பெருநாளுக்கு என்ன நிறத்தில் துணி எடுக்கலாம் என்றால், எதுவானாலும் சரி. தோசையா இட்லியா என்றால், எதுவானாலும் சரி. பள்ளியில் டூர் போனபோது அந்தக் காகிதத்தை எனக்குக் காட்டவே இல்லை. டீச்சர் சொல்லித்தான் தெரியும். நானும் ஏன் என்று கேட்கவில்லை. ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தோம்.

"போலாம்," என்றேன்.

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஒரு தடவை கேட்டிருக்கிறாள். இது நடக்காமல் போனால் இன்னொரு தடவை கேட்க மாட்டாள்.

என் வேலை சேலை டிசைன். வரைந்ததைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, அட்டைகளில் ஓட்டை போட்டுக் கொடுப்பேன். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே பெட்டியில் மாட்டுவார்கள். எந்த இழை மேலே வர வேண்டும் என்பதை ஓட்டைகள் முடிவு செய்யும். மறுநாள் ஒரு கட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஐயம்பேட்டை போனேன். அங்கே பாண்டியனும் அவன் மனைவி ரேவதியும் வீட்டிலேயே இரண்டு தறி வைத்திருக்கிறார்கள். பாண்டியன் என்னோடு பள்ளியில் படித்தவன். கௌசர் கேட்டதை அவனிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

பாண்டியன் ஊடு இழை ஓட்டுகிற நாடாவை அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"பாப்பா வாயைத் தொறந்து கேட்டுச்சா?"

"ஆமா."

"அப்ப போய்த்தான் ஆவணும். நாங்களும் வர்றோம்."

"உன்னை யாரு கூப்ட்டா?"

"நீ கூப்ட மாட்டே பாய். தெரியும். அதான் நானே வரேன்றேன்."

பக்கத்துத் தறியிலிருந்து ரேவதி எட்டிப் பார்த்தாள். "பாய், இவரைக் கூட்டினு போனீங்கன்னா திரும்பித் தூக்கினு வர்றதுக்கு நாலு பேரு வேணும். பால் வாங்கறதுக்கே வண்டியில போற ஆளு."

"ஒரு நாளைக்குத் தறியில எத்தினி மிதி மிதிக்கிறேன் தெரியுமா? அதை ரோட்டுல மிதிச்சிருந்தா இந்நேரம் டெல்லி போயிருப்பேன்."

"போயிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேன்."

அவர்கள் மகள் அபி, கௌசரைவிட ஒரு வயது மூத்தவள், அதற்குள் தெருவுக்கு ஓடிவிட்டாள். எதிர்வீட்டில் அவள் கத்துவது கேட்டது. "நாங்க காட்டுக்குப் போறோம்! காட்டுக்குள்ள கடல் இருக்குதாம்!"

நாள் குறிப்பதற்கு யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அமாவாசை. ஐயம்பேட்டையில் அமாவாசையன்று ஒரு தறியும் ஓடாது. பெண் பார்ப்பது, பல் பிடுங்குவது, ஆதார் கார்டில் பெயர் மாற்றுவது எல்லாம் அன்றுதான். தறிக்காரர்களோடு தொழில் செய்வதால் எனக்கும் அப்படியே பழகிவிட்டது. மார்கழி அமாவாசை அரையாண்டு விடுமுறைக்குள் வந்தது. பாண்டியன் எழுந்து போய்க் காலண்டர் தாளில் வட்டம் போட்டான். ஒரு வட்டம் போதாமல் மேலே இன்னொன்று.

இடம் தேட எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. செயற்கைக்கோள் படத்தில் கடற்கரையை மகாபலிபுரத்திலிருந்து தெற்கே விரல் விரலாகத் தள்ளிப் பார்த்தேன். பெரும்பாலும் சவுக்குத் தோப்பு, ரிசார்ட், உப்பளம். செய்யூருக்குக் கிழக்கே ஓரிடத்தில் பச்சை கறுத்துத் தெரிந்தது. நட்டு வைத்த காடு இல்லை, தானாக வளர்ந்தது. வடக்கே தார்ச்சாலையில் தொடங்கி, வளைந்து, கடலில் போய் முட்டியது. அங்கிருந்து கரையோரமாகத் தெற்கே வந்தால் ஒரு மீனவர் குப்பம். கரைமேட்டுக் குப்பம். நடுவில் ஒரு ஓடை கடலில் சேர்கிற முகத்துவாரம். படத்தில் அங்கே வெறும் மணல்தான் தெரிந்தது.

காட்டில் ஆறு கிலோமீட்டர். கரையில் ஐந்து. மொத்தம் பதினொன்று.

டிசைன் போடுகிற கிராஃப் தாளையே எடுத்தேன். ஒரு கட்டம் நூறு மீட்டர். நூற்றுப் பத்துக் கட்டம். காட்டுக்குப் பச்சை, கரைக்கு நீலம். நிழல் கிடைக்கும் இடங்களில் புள்ளி. ஒவ்வொரு பத்துக் கட்டத்துக்கும் நேரம் எழுதினேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் கரையை முடித்துவிட வேண்டும், வெயிலில் நிழலுக்குள் இருக்க வேண்டும். ஆகவே காலை ஏழு மணிக்குக் குப்பத்திலிருந்து புறப்பாடு. எட்டரைக்கு முகத்துவாரம். ஒன்பதரைக்குக் காடு. மூன்று மணிக்குத் தார்ச்சாலை, அங்கே வேன்.

கௌசரிடம் காட்டினேன். நீலத்தின் மேல் விரலை வைத்துப் பச்சை வரைக்கும் தடவிக்கொண்டு போனாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது.

"நல்லா இருக்குதா?"

"சரி அத்தா."

அதன் பிறகு வீட்டுக்குள் சத்தம் வந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அபி ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தாள். இரண்டு பேரும் பையை நிரப்பிக் காலி செய்தார்கள், மறுபடி நிரப்பினார்கள். விசில், தொப்பி, பிளாஸ்டர், நண்டு பிடிக்க ஒரு டப்பா. டப்பா வேண்டாம் என்று கௌசர் எடுத்து வெளியே வைத்தாள். அபி உள்ளே வைத்தாள். காட்டின் ஒரு பகுதி வனத்துறையிடம் இருந்தது. போய் எழுதிக் கொடுத்தேன். நடக்கலாம், தீ மூட்டக் கூடாது, எதையும் பறிக்கக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். குப்பத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற மஹாலட்சுமி என்பவரின் போன் நம்பரும் அங்கேதான் கிடைத்தது.

ஒரு ஞாயிறு, பாண்டியன் வீட்டுத் தறிகளை அரைநாள் மட்டும் நிறுத்தி, ஒத்திகை வைத்தோம். மாகறலுக்குப் பஸ்ஸில் போய், கோயிலருகே இறங்கி, செய்யாற்றுக் கரை மணலில் ஆறு கிலோமீட்டர். மணலில் நடப்பது தனி வேலை. முதல் கிலோமீட்டரில் பாண்டியன் கதை சொன்னான். இரண்டாவதில் அரசியல் பேசினான். மூன்றாவதில் பேச்சை நிறுத்தினான். நான்காவதில் அவன் செருப்பு வார் அறுந்தது.

"செருப்பா அறுந்துச்சு, நீயா அறுத்தியா?" என்றாள் ரேவதி.

"நான் ஏன்டி அறுக்கிறேன்?"

"உக்காரத்தான்."

கௌசர் சிரித்துவிட்டாள். சத்தமாக இல்லை. ஆனால் ரேவதி திரும்பி என்னைப் பார்த்தாள், நான் ஆற்றைப் பார்த்தேன்.

அன்று திரும்பும் வழியில் கடையில் கௌசருக்கு ஷூ வாங்கினேன். என்ன நிறம் என்று கேட்கவில்லை. அவளே நீலத்தைத் தொட்டாள்.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. சாப்பாடு சொல்ல மஹாலட்சுமிக்குப் போன் செய்தேன். பின்னணியில் அலைச் சத்தமும் கோழிச் சத்தமும்.

"காஞ்சிபுரத்துல இருந்தா? பட்டுச் சேலை எடுத்தாருவியா?"

"டிசைன்தான் போடறேன்மா. சேலை இல்ல."

"சரி, போனாப் போவுது. என்ன வேணும்?"

"அஞ்சு பேருக்கு மீன் சாப்பாடு. வர்ற திங்கக்கிழமை. காலைல ஏழு மணிக்கு உங்க குப்பத்துலேர்ந்து கிளம்பறோம். கட்டிக் கொடுத்தீங்கன்னா காட்டுல சாப்ட்டுப்போம்."

"திங்கக்கிழமை அமாவாசையாச்சே."

"ஆமா. அன்னிக்குத்தான் லீவு."

"காலைல ஏழுக்கு இங்கேர்ந்து வடக்கயா நடக்கப் போறீங்க? முகத்துவாரத்தை எப்படித் தாண்டுவ?"

"அங்க மணல்தானேம்மா. படத்துல பார்த்தேன்."

மஹாலட்சுமி சிரித்தார். யாரையோ கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தார்.

"தம்பி, அது சித்திரையில எடுத்த படமா இருக்கும். இப்ப மழை பேஞ்சு வாய் தொறந்துகினு இருக்குது. அதுவும் அமாவாசை. காலைல எட்டு, ஒம்பது மணிக்குக் கடல் பொங்கி உள்ள ஏறும். உன் கழுத்துக்கு வரும். அந்நேரத்துல என் வூட்டுக்காரரே அதுல எறங்க மாட்டாரு. நீ கொழந்தைங்களை வேற இட்டாரியா?"

"ரெண்டு பேர்."

"உங்களுக்கு அமாவாசைன்னா லீவு. எங்களுக்கு அமாவாசைன்னா தண்ணி. வேற நாள் வா தம்பி."

போனை வைத்தேன். பெரிய காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். கடல் எனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை மகாபலிபுரத்தில் பஜ்ஜி சாப்பிடுகிற இடம். நிலவுக்கும் தண்ணீருக்கும் உள்ள தொடர்பைக் கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சை எழுதியிருக்கிறேன். ஆனால் காலண்டரில் அமாவாசை என்றால் எனக்குத் தறி நிற்கிற நாள் மட்டும்தான் தெரிந்தது. ஊரில் யாருக்கும் வேறெதுவும் தெரிந்திருக்காது. கிராஃப் தாளில் நூற்றுப் பத்துக் கட்டத்தையும் சரிபார்த்தவன் நாளைச் சரிபார்க்கவில்லை.

வேறு நாள் என்று ஒன்று இல்லை. அடுத்த அமாவாசை பள்ளி நாள். மற்ற நாட்களில் பாண்டியனும் ரேவதியும் தறியை விட்டு வர முடியாது. தை முகூர்த்தத்துக்கு இரண்டு தறியிலும் கல்யாணச் சேலை ஏறியிருந்தது. அவர்கள் இல்லாமல், இரண்டு பேராக, நானும் அவளும் மட்டும் அவ்வளவு தூரம் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்ன பேசுவோம்?

மாலையில் கௌசரிடம் சொன்னேன்.

"அங்க தண்ணி அதிகமா இருக்குதாம். இந்தத் தடவை முடியாது போல இருக்குது."

"சரி அத்தா."

உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். ஷூவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கடையில் உள்ளே திணித்துக் கொடுத்த காகிதத்தைக்கூட எறியாமல் வைத்திருந்திருக்கிறாள். அதைச் சுருட்டி இரண்டு ஷூவிலும் திணித்தாள். மூடியைப் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை அவளையும் கூட்டிக்கொண்டு ஐயம்பேட்டை போனேன். நேரில் சொல்லிவிடலாம் என்று. கிராஃப் தாளையும் எடுத்துப் போனேன், ஏனென்று தெரியாது.

பாண்டியன் கேட்டதும் வெடித்தான்.

"ஏன் பாய், கடலுக்கு நாம லீவு விடற நாள் பார்த்துத்தான் பொங்கணுமா?"

"அது ரொம்ப நாளா அப்படித்தான் இருக்குது."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"உனக்குச் சொல்லிட்டுத்தான் பொங்கும்," என்றாள் ரேவதி. தறிக்குழிக்குள் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தாள். "பாய், அந்தம்மா தண்ணி எப்ப வடியும்னு சொன்னாங்களா?"

"கேக்கல."

"கேக்காம வெச்சுட்டீங்களா?"

ரேவதி தலைக்கு மேலே தொங்கிய அட்டைகளைப் பார்த்தாள். கீழே முந்தானையில் மாங்காய் ஒன்று பாதி நெய்திருந்தது. மேலே பார்த்த மாங்காய்.

"மேல ஏறின தண்ணி கீழ எறங்கித்தானே ஆவணும்?" என்றாள். "முந்தானையில இந்த மாங்கா மேல பார்த்து முடிஞ்சதும் என்னா பண்றோம்? அடுத்ததுக்குப் புது அட்டையா அடிக்கிறோம்? இதையே கடைசியில இருந்து திருப்பி விடறோம். மாங்கா கீழ பார்த்து வருது. உங்க கிராஃபும் அதானே. அந்தப் பக்கத்துல இருந்து விடுங்க."

பாண்டியன் என் கையிலிருந்து தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பினான்.

நான் போனை எடுத்தேன். மஹாலட்சுமி உடனே எடுத்தார். "வடியறதா? மத்தியானம் ரெண்டரை மணிக்கு மேல வா. அமாவாசையில எவ்ளோ ஏறுதோ அவ்ளோ எறங்கும். அந்நேரம் உன் முட்டிதான் நனையும். புள்ளைங்க வருதுன்னா நானே வந்து அக்கரையில நிக்கிறேன். எங்க ஆழம் இல்லையோ அங்க நிப்பேன். என்னைப் பார்த்துக்கினே வரணும், இப்படி அப்படிப் போவக் கூடாது."

தாளைத் தரையில் விரித்து அதன் மேல் குனிந்தோம். தார்ச்சாலையிலிருந்து எட்டரைக்குத் தொடங்கினால் காடு பன்னிரண்டுக்கு முடியும். அங்கே சாப்பாடு. பிறகு கரையில் இரண்டு கிலோமீட்டர். இரண்டரைக்கு முகத்துவாரம். நான்கு மணிக்குக் குப்பம். வெயில் மார்கழி வெயில்தான், தொப்பி போதும். வேன்காரர் சிவராஜ் மாறி வந்து குப்பத்தில் நிற்க வேண்டும். பாண்டியன் அதற்குள் அவருக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தான். "அண்ணே, தூங்கற இடம்தான் மாறுது! கடல் காத்துல தூங்குண்ணே!"

அப்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் அப்படித்தான் கேட்டேன்."

எல்லோரும் திரும்பினோம். கௌசர் தறியின் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"என்னம்மா?"

"காடு மொதல்ல. அப்புறம் கடல். காட்டுக்குள்ள நடந்துகினே போனா கடல் வருமான்னுதான் கேட்டேன். நீங்க கடலை மொதல்ல போட்டுட்டீங்க."

அவள் சொன்னது சரி. வெயிலைக் கணக்குப் போட்டேன், நிழலைக் கணக்குப் போட்டேன். அவள் கேட்டதைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கிராஃப் போட்டுட்டீங்க. கலர் எல்லாம் அடிச்சுட்டீங்க."

ரேவதி தறியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். பாண்டியன் போனில் இன்னும் சிவராஜிடம் பேசுவதுபோல "ஆங், ஆங்" என்றான். போன் எப்போதோ கட் ஆகிவிட்டிருந்தது.

நான் பேனாவை அவளிடம் கொடுத்தேன்.

"நேரத்தை நீ எழுது."

அவள் உட்கார்ந்தாள். பச்சையின் மறுமுனையில் எட்டரை என்று எழுதினாள். பத்துக் கட்டம் எண்ணினாள். ஒன்பது ஐந்து என்று எழுதினாள். அபி பக்கத்தில் படுத்துக்கொண்டு, "இங்க ரெஸ்ட்டு, இங்க பிஸ்கட்டு, இங்க எங்கப்பா உக்காருவாரு" என்று குறித்தாள். பாண்டியன் உட்காருவதற்கு மட்டும் ஏழு இடம் வந்தது.

"இன்னொண்ணு பாய்," என்றாள் ரேவதி. "அஞ்சு மீன் சாப்பாடு சொன்னீங்கன்னீங்களே. அமாவாசையில எங்களுக்கு மீனா?"

அதையும் நான் யோசிக்கவில்லை.

"எனக்கும் கௌசருக்கும் ரெண்டு போதும்னு சொல்லிடறேன்."

"நீங்க ரெண்டு பேரும் எங்க கண்ணு முன்னாடி வஞ்சிரம் சாப்பிடுவீங்க, நாங்க பார்த்துகினு இருக்கணுமா? நல்லா இருக்குதே நியாயம்! காட்டுல எல்லாருக்கும் புளிசாதம், உருளைக்கிழங்கு. நான் கட்டறேன்."

புறப்படும் அன்று அலாரம் அடிப்பதற்கு முன்பே எழுந்துவிட்டேன். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கௌசர் ஷூ போட்டு, தொப்பி போட்டு, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். பல் மட்டும் தேய்க்கவில்லை.

எட்டு இருபதுக்குத் தார்ச்சாலையில் இறங்கினோம். முதலில் சாலையோரமாகக் கொஞ்சம் சவுக்கு. பிறகு காடு மாறியது. நாவல், புங்கன், களா, இடையிடையே பனை. மழைக்குப் பிறகு எல்லாம் கழுவி வைத்த மாதிரி. மணல் பாதையில் ஏதோ ஒன்றின் கால் தடம். நரி என்றாள் அபி. நாய் என்றான் பாண்டியன். இரண்டு பேரும் அதற்கு ஒரு கிலோமீட்டர் சண்டை போட்டார்கள். சூரைமுள் ரேவதியின் துப்பட்டாவைப் பிடித்தது. ஒரு மைனாக் கூட்டம் எங்களுக்கு முன்னால் பறந்து போய் உட்கார்ந்து, நாங்கள் கிட்டே போனதும் மறுபடி பறந்தது.

கௌசர் கிராஃப் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் போனாள். "நாப்பதாவது கட்டம்! அஞ்சு நிமிஷம் லேட்டு! பாண்டியன் மாமா, வேகமா வாங்க!"

"வரேம்மா. உக்கார்ற எடம் வந்துச்சா?"

"அது நாப்பத்தஞ்சுல."

ஐம்பத்து நான்காவது கட்டத்தில் அவள் நின்றாள். கையைத் தூக்கினாள். எல்லோரும் நின்றோம்.

முதலில் காற்று என்று நினைத்தேன். இலை எதுவும் அசையவில்லை. தொலைவில், கீழே, ஒரே சீராக ஒரு இரைச்சல்.

"அத்தா, கேக்குதா?"

"கேக்குது."

"வருது," என்றாள். கடல்தான் நடந்து வருவதுபோல. ஓடத் தொடங்கினாள். அபி பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். முதுகில் நான்கு லிட்டர் தண்ணீர் குலுங்கியது. எப்போது கடைசியாக ஓடினேன் என்று நினைவில்லை. மரங்கள் குட்டையாயின, வளைந்தன, முடிந்தன. மணல்மேடு முழுக்க ராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும். ஊதாப் பூ. அதற்கு அப்பால் கடல். அகலமாக, சத்தமாக, யாருமே இல்லாமல்.

கௌசர் மேட்டின் உச்சியில் நின்று மூச்சு வாங்கினாள். முகமெல்லாம் வியர்வை. என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாருங்க அத்தா! பாருங்க!" நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தாலும் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

கடைசி மரத்து நிழலில் புளிசாதம். நான் லுஹர் தொழுதேன். பாண்டியன் காக்கையிடமிருந்து உருளைக்கிழங்கைக் காப்பாற்றினான். பிறகு கரையில் நடந்தோம். ஈர மணல் காலுக்குக் கெட்டியாக இருந்தது. நண்டுகள் ஓடி ஒளிந்தன. அபி ஒன்றையும் பிடிக்கவில்லை. காலையில் தண்ணீர் ஏறிய இடம் மேட்டுக்குக் கிட்டத்தில் வரிவரியாகத் தெரிந்தது. நுரை, சிப்பி, ஒரு அறுந்த வலை. பாண்டியன் அந்த வரியையும் இப்போது கடல் இருந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

இரண்டு நாற்பதுக்கு முகத்துவாரம். ஓடைத் தண்ணீர் தேநீர் நிறத்தில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. முப்பதடி அகலம் இருக்கும். அக்கரையில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண். நான் நினைத்ததைவிட இளமையாக இருந்தார். இடுப்பில் கை.

"காஞ்சிபுரமா?" என்று கத்தினார்.

"ஆமாம்மா!"

"பத்து நிமிஷம் லேட்டு! என்னைப் பார்த்து நேரா வா!"

கையைக் கோத்துக்கொண்டோம். முதலில் நான், பிறகு கௌசர், அபி, ரேவதி, கடைசியில் பாண்டியன். மணல் காலுக்குக் கீழே உருவிக்கொண்டு போனது. தண்ணீர் என் முட்டி வரை, கௌசருக்குத் தொடை வரை. நடுவில் இழுப்பு இருந்தது. அவள் விரல்கள் என் கையை நசுக்கின.

"தூக்கிக்கவா?"

"வேணாம்! நீங்க அவங்களைப் பார்த்து நடங்க!"

நான் மஹாலட்சுமியைப் பார்த்து நடந்தேன். பயம் இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். அதோடு சேர்ந்திருந்தது என்னவென்று எனக்கு உடனே தெரியவில்லை. பழகிப்போன ஒன்று இல்லை, அவ்வளவுதான். பின்னால் பாண்டியன், "ஐயோ நண்டு, ஐயோ நண்டு" என்று கத்தினான். ரேவதி, "அது என் காலு" என்றாள். மஹாலட்சுமி இறங்கி வந்து கௌசரின் மறுகையைப் பிடித்து மணலில் ஏற்றினார்.

கௌசர் திரும்பித் தாண்டி வந்த தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மஹாலட்சுமியைப் பார்த்தாள்.

"அத்தை, அமாவாசைக்கு மட்டும்தான் தண்ணி இப்படி வடியுமா?"

"பௌர்ணமிக்கும் இதேதான் கண்ணு."

கௌசர் என் பக்கம் கையை நீட்டினாள். "அத்தா, போன் குடுங்க. பௌர்ணமி எப்பன்னு பார்க்கணும்."

"பௌர்ணமிக்குத் தறி ஓடும்மா," என்றான் பாண்டியன். "எங்களுக்கு லீவு இல்லையே."

"அப்ப நீங்க தறி ஓட்டுங்க மாமா. நாங்க ரெண்டு பேரும் போறோம்."

ரேவதி வாய்விட்டுச் சிரித்தாள். நான் போனைக் கொடுத்தேன். என் கை ஈரம் பட்டுத் திரை நகரவில்லை. கௌசர் அதைத் தன் தொப்பியில் துடைத்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"போகி அன்னிக்கு வருது!" என்று கத்தினாள். "பொங்கல் லீவு! மாமா, உங்களுக்கும் லீவு!"

"எத்தனை கிலோமீட்டர் போடலாம்?" என்று கேட்டேன்.

அவள் கரையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யோசித்தாள்.

"பதினஞ்சு."

பாண்டியன் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டான்.